புரட்டாசி சனிக்கிழமை அனுப்பிய வீடியோ

என் மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்த அன்றைக்கே எனக்கும் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. அது என் போனுக்குள் இருந்தது. வகுப்பு மிஸ், தாளாளர், எல்லாப் பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள் என்று அத்தனை பேரும் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குரூப். காலையில் பிள்ளைகள் வகுப்புக்குள் போன கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து படங்கள் வரும். களிமண் உருட்டுகிற கைகள், திறந்து வைத்த டிபன் டப்பாக்கள், பாயில் கோணல் மாணலாகத் தூங்குகிற உடம்புகள். சாயங்காலம் எங்கள் முறை. பிள்ளை வீட்டில் என்ன பாடியது, என்ன கேட்டது, எதைக் காட்டி என்ன சொன்னது என்று நாங்கள் அனுப்ப வேண்டும். மிஸ் அதை வகுப்பில் இருக்கிற பெரிய டி.வி.யில் போட்டுக் காட்டுவார்.

"ஸ்கூலும் வீடும் ஒன்னா இருக்கணும், அதுக்குத்தான் இந்த ஏற்பாடு" என்று சேர்க்கை நாளில் தாளாளர் மைக் பிடித்துச் சொன்னார். நான் முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன். நிஜமாகவே எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். எனக்கு எழுதவும் வரும், கோபமும் வரும். எந்தப் பிள்ளையின் படம் வந்தாலும் முதலில் இதயம் போடுகிற ஆள் நான்தான்.

எனக்கு ஒகேனக்கலில் மீன் வறுவல் கடை. தகரக் கூரை, அகலமான இரும்புக் கல், தட்டில் மசாலா பூசி அடுக்கிய மீன், அவ்வளவுதான் கடை. என் கணவர் பரிசல் ஓட்டுகிறார். மேட்டில் எங்களுக்கு ஓர் அறை இருக்கிறது. அங்கே தூங்கி எழுந்து குளிப்பதோடு சரி. ஸ்கூல் வேன் பென்னாகரத்திலிருந்து மலை வளைவுகளில் இறங்கி வந்து பஸ் ஸ்டாண்டில் மகளை விடும். நானோ பக்கத்துக் கடை அக்காவோ போய்க் கூட்டி வருவோம். யூனிபார்ம் மாற்றுவது கடையில், சாப்பிடுவது கடையில், ஏ பி சி டி எழுதுவது கல்லுக்குப் பின்னால் போட்ட பலகையில். குரங்கு வந்து அவள் பிஸ்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவதும் அங்கேதான். வீடு எது என்று கேட்டால் எங்கள் மூன்று பேருடைய விரலும் கடையைத்தான் காட்டும்.

புரட்டாசி பிறந்தது. அந்த வாரம் மிஸ் 'என் வீடு' என்று தலைப்புக் கொடுத்திருந்தார். பிள்ளை தன் வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டும், அதை நாங்கள் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். குரூப்பில் மளமளவென்று வீடுகள் வந்து இறங்கின. திஸ் ஈஸ் மை சோபா. திஸ் ஈஸ் மை ஃபிரிட்ஜ். பென்னாகரத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கிற வீட்டுப் பையன் ஒரு கண்ணாடித் தொட்டியைக் காட்டி, திஸ் ஈஸ் மை ஃபிஷ் என்றான். எல்லாவற்றுக்கும் இதயம் போட்டேன். என் மகள் ஒவ்வொரு வீட்டையும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாள். "நம்மளது எப்பம்மா?" என்று உயிரை எடுத்தாள்.

எனக்கு எங்கே நேரம்? சாதாரண நாளில் கல்லை விட்டு நகர முடியாது. ஆனால் புரட்டாசி வந்தால் எங்கள் கடைத்தெரு முழுக்க ஈ ஓட்டுவோம், மீன் கடையில் அது நிஜமான ஈயும்கூட. பாதிச் சனம் அந்த மாதம் கவிச்சி தொடாது. சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். ஆக, எனக்கு ஓய்வு கிடைத்த ஒரே நாள் புரட்டாசி சனிக்கிழமை. வீடியோ எடுக்க நேரம் கிடைத்ததே என்றுதான் பார்த்தேனே தவிர, ஏன் கிடைத்தது என்று யோசிக்கவில்லை. மீன் கடைக்காரி மட்டுமே செய்யக் கூடிய தப்பு அது.

போனைப் பக்கத்துக் கடை அக்கா பிடித்தார். நான் பின்னால் உட்கார்ந்து ஒரு கட்லாவைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். யாராவது வந்தால் போட ஒன்றாவது இருக்கட்டுமே என்று. மகள் தலையைப் படிய வாரி, மிஸ் சொல்லிக் கொடுத்த மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"இது எங்க வூடு. இது கல்லு. சூடா இருக்கும், தொடக் கூடாது. இது கெளுத்தி. இதுக்கு மீச இருக்குது. இது கத்தி, அம்மா மட்டும்தான் தொடலாம். அங்க இருக்குதே, அது எங்கப்பா பரிசலு. இது எங்கம்மா. தேங்க்யூ மிஸ்."

நான் கத்தியும் கையுமாகச் சிரித்தேன். செதில் ஒன்று பறந்து வந்து என் மூக்கில் ஒட்டியது. ஒரு தடவைகூட அவள் திக்கவில்லை. அனுப்பிவிட்டு, குரூப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யார் முதலில் இதயம் போடுவார்கள் என்று எனக்கு அத்தனை ஆசை.

இதயம் வரவில்லை. ஜவுளிக் கடை அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. "மிஸ், இன்னைக்கு புரட்டாசி சனி. குளிச்சிட்டு பூஜைக்குப் போற நேரத்துல போனை எடுத்தா ரத்தமும் குடலுமா இருக்கு. இதெல்லாம் குழந்தைங்க குரூப்ல தேவையா?" அதற்குக் கீழே "ஆமா மிஸ்", "கரெக்ட்" என்று சில பேர். பிறகு திருநாமம் போட்ட பெருமாள் படங்கள் வரிசையாக வந்தன. என் மகளை மேலே தள்ளிக் கண்ணில் படாமல் செய்வதற்காகவே அனுப்பினார்கள் என்று எனக்குத் தோன்றியது. பெருமாள் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் மீனாகவே பிறந்து பார்த்தவர்.

மிஸ் போன் செய்தார். கம்பைநல்லூர்ப் பக்கத்துச் சின்னப் பெண், வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. பிள்ளைகளிடம் உயிரையே வைத்திருந்தார். தாளாளரிடம் பயத்தை வைத்திருந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வீடியோவ டெலிட் பண்ணிட்டு, சாரின்னு ஒரு வார்த்த போட்டுடுங்களேன்."

"சனிக்கிழமைங்கறது எனக்கு மனசுல படல மிஸ். அது என் தப்புதான். இப்பவே எடுத்துர்றேன். நாளைக்கு ஞாயித்துக்கிழம, அப்ப போட்டுக்கறேன்."

மிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இல்லீங்க அக்கா. நாளைக்கும் வேணாம். வந்து... அந்த பேக்ரவுண்டு கொஞ்சம் நல்லால்லன்னு சார் ஃபீல் பண்றாரு. நீட்டா ஒரு எடத்துல வெச்சு வேற ஒன்னு எடுத்து அனுப்புங்களேன்."

அப்படியா சேதி என்று இருந்தது எனக்கு. அதுவரை எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான் இருந்தது. விரதம் இருக்கிறவர்கள் மனசு நோகும், அது நியாயம். சனிக்கிழமைக்கு நான் தலை குனிந்திருப்பேன். பேக்ரவுண்டுக்கு என்னால் குனிய முடியாது. அந்த பேக்ரவுண்டில் உட்கார்ந்திருந்தது நான்.

"வேற எடம் எங்களுக்கு இல்லீங்க மிஸ். நான் டெலிட் பண்ணல. சாரியும் சொல்லல" என்று போனை வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வீடியோ இருந்த இடத்தில், அட்மின் இதை நீக்கிவிட்டார் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. நான் குரூப்பில் ஒரு குரல் செய்தி போட்டேன். கத்தவில்லை. ஆனால் கல்லுக்கு முன்னால் நின்றுதான் பேசினேன். "வணக்கம்ங்க. விரத நாள்ல அனுப்பினது என் கவனக்குறைவு. ஆனா என் புள்ள காட்டினது எங்க வூடு. அதுல அசிங்கம் ஒன்னும் இல்ல. அந்த மீனு வித்துத்தான் அவ உங்க புள்ளைங்க பக்கத்துல உக்காந்து படிக்கறா. ஞாயித்துக்கிழம ஒகேனக்கல் வர்றவங்க யாரும் எங்க கையால சாப்புடாம போறதில்ல. நன்றிங்க." நீல டிக் விழுந்தது. பதில் விழவில்லை.

திங்கட்கிழமை வகுப்பு டி.வி.யில் எல்லா வீடுகளும் ஓடியிருக்கின்றன. மகள் வேனிலிருந்து இறங்கும்போதே சொன்னாள்.

"எல்லாரு வூடும் வந்துச்சு. நம்மளது மட்டும் வரல. நெட்டு இல்லன்னு மிஸ் சொன்னாங்க."

மிஸ் மீது எனக்கு அப்போது வந்த கோபத்தை இங்கே எழுதினால் தாளில் ஓட்டை விழும். பிள்ளையிடம் என்ன சொல்வது? "நெட்டு வந்ததும் போடுவாங்க கண்ணு" என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் பிஸ்கெட் கேட்டாள்.

நான் விடவில்லை. தினமும் சாயங்காலம் அவள் பாடுவதையும் கதை சொல்வதையும் குரல் செய்தியாக அனுப்பினேன். கல்லில் மீனைப் போட்டுவிட்டு, எண்ணெய் சடசடக்கும்போதுதான் பதிவு செய்வேன். குரலில் பேக்ரவுண்டு தெரியாது, கேட்கத்தான் செய்யும். நீக்கட்டும் பார்க்கலாம் என்று இருந்தேன். யாரும் நீக்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு கொண்டாட்டம்.

அந்தக் கொண்டாட்டத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். மகள் பாடுவதற்கு முன்னால், "ம்மா, அடுப்ப நிறுத்திட்டு எடும்மா" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். பிறகு, "அந்தாண்ட போயி எடுக்கலாம்மா" என்றாள். சத்தத்தில் தன் பாட்டு கேட்காது என்று நினைக்கிறாள் போல என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. அந்த ஞாயிற்றை எங்கள் தெருவில் நின்று பார்க்க வேண்டும். ஒரு மாதம் வாயைக் கட்டிய ஊரெல்லாம் கிளம்பி வந்து இறங்கும். கல்லில் இடம் போதாது, கையில் நகம் தெரியாது, மசாலாதான். ஒரு காரில் வந்த குடும்பம் பெஞ்சில் உட்கார்ந்தது. அந்த அம்மா மீன் புதுசா என்று கேட்டார், முள் கம்மியாக எது என்று கேட்டார், கல்லையும் திருப்பிப் போடுகிற என் கையையும் போட்டோ எடுத்தார். அந்தக் கூட்டத்தில் நான் முகம் பார்க்கவில்லை.

அடுப்புப் பக்கத்தில் இருந்த என் போன் சத்தம் போட்டது. புறங்கையால் தட்டித் திறந்தேன். குரூப்பில் ஒரு படம். என் கல், என் மீன், என் கை. "புரட்டாசி முடிஞ்சாச்சு! ஒகேனக்கல் ஸ்பெஷல்!" என்று அதன் கீழே எழுதியிருந்தது. நாக்கில் எச்சில் ஊறுகிற பொம்மைகளும் இதயங்களும் வந்து குவிந்துகொண்டிருந்தன. பெருமாள் படம் அனுப்பியவர்களும் இருந்தார்கள். தாளாளர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். என் பேக்ரவுண்டு அன்றைக்கு எல்லோருக்கும் நன்றாக இருந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஜவுளிக் கடை அம்மா விரலை நக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு என்னைத் தெரியவில்லை. பக்கத்தில் அந்தக் கண்ணாடித் தொட்டிப் பையன். அவன் கடை ஆணியில் மாட்டியிருந்த பையைக் காட்டிக் கத்தினான்.

"ம்மா, எங்க ஸ்கூல் பேக்! அவ பேக்கும்மா இது!"

அந்த அம்மா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், கையில் இருந்த துண்டைப் பார்த்தார். "ஓ, நீங்கதானுங்களா? வறுவல் ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார். முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை அவருக்கு. நான் அந்த ஒரு முகத்துக்காகத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன் என்று சொன்னால் பொய் இல்லை. "இன்னொரு துண்டு வெக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

அதற்குள் பையன் கேட்டான். "ஆன்ட்டி, அவ எதுக்கு இங்க பேக் வெச்சிருக்கறா? அவ வூட்டுல சோபா இருக்குது. லிப்ட்டு இருக்குது. அவளே சொன்னா."

கல்லில் இருந்த மீன் கருகுகிற வாசனை வந்தது. சோபாவும் லிப்ட்டும் எங்கள் கடைக்கு எதிரில் இருக்கிற லாட்ஜில் இருக்கின்றன. மகளைத் தேடினேன். கொஞ்ச நேரம் முன்புவரை பலகையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தவள் அங்கே இல்லை. கடைக்குப் பின்னால் என் கணவரின் ஓட்டைப் பரிசல் ஒன்று சுவரில் சாத்தியிருக்கும். அதன் அடியில் இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன.

நான் கூப்பிடவில்லை. "பாப்பா அவங்கப்பாவோட ஆத்துக்குப் போயிருக்குது" என்றேன். அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிப் போனார்கள். அந்தக் கார் திரும்பிப் போகிற வரைக்கும் அந்தப் பாதங்கள் அசையவில்லை.

பரிசலை நகர்த்திவிட்டு அவள் முன்னால் குந்தினேன். "எதுக்குக் கண்ணு ஒளிஞ்ச?"

"அவனுக்குத் தெரிஞ்சிடும்."

"என்னா தெரிஞ்சிடும்?"

"நம்ம வூடு" என்றாள்.

எனக்கு ஜவுளிக் கடை அம்மா மறந்துபோனார். தாளாளர் மறந்துபோனார். நான் பெரியவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாட்களில், பிள்ளை தனியாக இருந்து ஒன்றைப் புரிந்துகொண்டிருக்கிறாள். மற்ற வீடுகளுக்கெல்லாம் இருக்கிற நெட் எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாலு வயதில் ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொண்டால், வளர்ந்த பிறகு என்னையும் சேர்த்து ஒளித்து வைப்பாள். அது மட்டும் நடக்கக் கூடாது. எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை எங்கள் முறை. வெள்ளிக்கிழமைதோறும் மிஸ் ஒரு வீட்டுக்கு வீடியோ கால் போடுவார். வகுப்பு டி.வி.யில் வீடு நேரடியாகத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளை டி.வி. பக்கத்தில் நின்று தன் அம்மாவையும் வீட்டையும் எல்லோருக்கும் காட்ட வேண்டும். மிஸ்ஸே யோசித்துச் செய்த ஏற்பாடு அது, பிள்ளைகளுக்கு அது திருவிழா. புதன்கிழமை அவர் எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. உங்க கடைக்கு எதுத்தாப்புல லாட்ஜ் இருக்குதாமே. ரிசப்ஷன்ல உக்காந்து பேசிடறீங்களா? பாப்பாவும் சோபா இருக்குதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்குது. புள்ளைங்க கேட்டா அது பாவம் முழிக்கும்."

அதைக் கேட்டு என் கணவரும் அதே பாட்டைப் பாடினார். காவிரியில் தண்ணீர் கூடிப் பரிசலுக்குத் தடை போட்டிருந்தார்கள். மனுஷன் சும்மா இருந்தார், லாட்ஜ் மேனேஜரிடம் பேசியும் வைத்துவிட்டார்.

"ஒரு நாளு தானே? புள்ள ஆசப்பட்டு ஒன்னு சொல்லிட்டா. எல்லாரு முன்னாடியும் அவளப் பொய்க்காரி ஆக்கிப் பாக்கணுமா உனக்கு?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னை இன்னும் எரிச்சல் படுத்தியது.

"சோபாவுல உக்காந்து காட்டினா மட்டும் பொய்க்காரி ஆகமாட்டாளா? அப்ப நாமளே கூட இருந்து ஆக்கினதா ஆயிடும். நான் லாட்ஜுக்குப் போக மாட்டேங்க. நம்ம எடத்துல இருந்துதான் பேசுவேன்."

"உன் வீம்புக்குப் புள்ளைய அழ வெக்காத" என்றார்.

வீம்புதான். இருக்கட்டும் என்றேன்.

வியாழக்கிழமை வேனிலிருந்து இறங்கியதும் மகளிடம் நேராகவே சொன்னேன். "நாளைக்கு அம்மா நம்ம கடைல இருந்துதான் பேசும் கண்ணு. மீனு, அடுப்பு, எல்லாம் தெரியும்." அவள் முகம் கோணியது. "வேணாம்மா, லாட்ஜுக்குப் போலாம்மா, சோபா காட்டலாம்மா" என்று என் சேலையைப் பிடித்து இழுத்து அழுதாள். கெளுத்தித் துண்டை எடுத்து முள் பார்த்து ஊட்டினேன். துப்பிவிட்டாள். சரி, லாட்ஜுக்கே போகலாம் என்ற சொல் என் தொண்டை வரைக்கும் வந்தது. அதை நான் வெளியே விடவில்லை. மறுநாள் காலையில் வேன் கிளம்பியபோது எப்போதும் ஜன்னலில் தெரிகிற கை தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை என் வீம்புக்கு முதல் சோதனை டவர். எங்கள் கடைக்குள் போன் அடிக்கடி ஆற்றைத் தாண்டிக் கர்நாடகா டவரைப் பிடித்துக்கொள்ளும், கன்னடத்தில் வரவேற்புச் செய்தி வரும், பேச்சு நடுவில் அறுந்து போகும். பரிசல் துறையில் மட்டும் சிக்னல் முழுசாக நிற்கும். அப்படியானால் கடையை அங்கே கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். பக்கத்துக் கடை அக்கா சின்ன அடுப்பைத் தூக்கினார். நான் வாணலியையும் மசாலாத் தட்டையும் எடுத்துக்கொண்டேன். இன்னொரு முறை வந்து, உயிர்க் கெளுத்தி நெளிகிற குண்டானைக் கொண்டுபோனேன். தடை காரணமாகக் கவிழ்த்துப் போட்ட பரிசல்கள் கரையெல்லாம் கிடந்தன. அவற்றுக்கு முன்னால் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

என் கணவர் லாட்ஜுக்குப் போவதற்காகப் போட்ட இஸ்திரிச் சட்டையோடு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் போனைச் சாத்தி வைக்க ஒரு கல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பார்த்தார். பிறகு, "குடு, நான் புடிக்கறேன். நீ காட்டு" என்றார். அந்தச் சட்டையில் எண்ணெய் தெறித்ததை அவர் கண்டுகொள்ளவில்லை.

கால் வந்தது. சின்னத் திரையில் வகுப்பு தெரிந்தது. பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்த பிள்ளைகள், மிஸ், டி.வி.க்குப் பக்கத்தில் என் மகள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் பாவாடை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தன.

"பசங்களா, இன்னைக்கு யாரு வீட்டுக்குப் போறோம்?" என்றார் மிஸ். என் அடுப்பையும் பரிசல்களையும் பார்த்ததும் அவர் குரல் இறங்கிப்போனது. பிள்ளைகள் "ஆறு! ஆறு!" என்று கத்தினார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ஜவுளிக் கடைப் பையன் எழுந்து நின்றான்.

"மிஸ், சோபா எங்க மிஸ்? அவ சோபா இருக்குதுன்னு சொன்னா."

பிள்ளைகள் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். மகள் நிமிரவில்லை. சோபா உள்ளே இருக்குது கண்ணு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் தப்பித்துவிடுவாள். என் கணவர் போனுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தார். சொல்லித் தொலையேன் என்று கண்ணால் கெஞ்சினார். ஒரு மாதத்துக்கு மேலாக நான் மனசுக்குள் தயாரித்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது, தாளாளருக்கும் ஜவுளிக் கடைக்கும் உறைக்கிற மாதிரி. அதுவும் அந்த நேரத்தில் எதற்கும் ஆகவில்லை. நான் பேசாமல் நின்றேன். இது நான் சொல்லித் தீர்கிற விஷயம் இல்லை, அவள் சொல்ல வேண்டியது. அவள் சொல்லாமல் போனால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. வாணலியில் எண்ணெய் புகைந்தது.

மிஸ்ஸுக்குப் பிள்ளையைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். அவர் கை டி.வி. பக்கம் நீண்டது. "நெட்டு சரியில்ல போல பசங்களா. கட் ஆவுது. நாம அடுத்த வாரம்..."

"நெட்டு இருக்குது மிஸ்."

என் மகள் குரல்தான். தலை நிமிர்ந்திருந்தது.

"நெட்டு இருக்குது. எங்கம்மா நல்லா தெரியறாங்க."

மிஸ்ஸின் கை அப்படியே நின்றது. மகள் பையன் பக்கம் திரும்பினாள்.

"சோபா இல்ல. அது லாட்ஜோடது. நான் சும்மா சொன்னேன்." அவ்வளவுதான். மூக்கைப் புறங்கையால் ஒருமுறை துடைத்தாள். டி.வி.க்கு நேராக நின்றுகொண்டு எனக்கு உத்தரவு போட்டாள்.

"ம்மா, என்னாத்துக்கு சும்மா நிக்கற? கெளுத்தி மீச காட்டு. இவனுங்க பாத்ததே இல்ல."

கண் மறைத்தது எனக்கு. துடைக்க முடியவில்லை, கையெல்லாம் மசாலா. குண்டானுக்குள் கையை விட்டு, முள் குத்தாமல் செவுளுக்குப் பின்னால் பிடித்து, இருந்ததிலேயே பெரிய கெளுத்தியைத் தூக்கிப் போனுக்கு நேராகக் காட்டினேன்.